ஏவுதல் கருத்தா

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து ஆகாது. தொண்டையில ஒரு ஆபரேஷன், ரெண்டு மாசம் ஆகுது. அதிகம் பேசக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்காரு. அதனால நான் பேசாம வந்தா தலக்கனம் பிடிச்சவன்னு நெனச்சுராதீங்க.

அந்தப் பையா? உள்ள புஸ்தகம்தான். காலுக்குக் கீழயே கெடக்கட்டும். ரூம காலி பண்ணிட்டு வாரேன்.

வாத்தியாரான்னு கேட்டீங்கள்லா, ஆமா. பேராசிரியர்னு சொல்லணும். யுனிவர்சிட்டில. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்.

என்ன பாடம்னு நீங்க கேக்கல. யாரும் கேக்கமாட்டாங்க. தமிழ்னு சொன்னா, "கவிதை எழுதுவீங்களா சார்"ம்பாங்க. பட்டிமன்றத்துல பேசுவீங்களாம்பாங்க. நான் எழுதவும் இல்ல, பேசவும் இல்ல. இலக்கணம். இலக்கணத்துலயும் வினை. வினைன்னா இந்தப் பாவம் புண்ணியம் இல்ல அண்ணாச்சி. வாரது, போறது, திங்கிறது, உறங்குறது, அந்த வினை. ஒரு சொல்லு எந்தக் காலத்தைக் காட்டுது, யாரு செஞ்சா, செஞ்சு முடிச்சானா முடிக்கலையா, இதைத்தான் நான் இருபத்தாறு வருஷமா நடத்துனேன். எம்.ஏ. ரெண்டாம் வருஷம், 'வினையியல்'னு தனிப் பேப்பர். என் பேரு ஆவுடைநாயகம். பிள்ளைங்க அந்தப் பேரச் சொல்லாது. 'கின்று சார்'ம்பாங்க. நிகழ்காலம் காட்டுத இடைநிலை கிறு, கின்று, ஆநின்றுன்னு மூணு. அதுல நடுவுல உள்ளது. மரியாதை, பாத்துக்கிடுங்க. பேரச் சொல்ல மனசு வராம அப்பிடிக் கூப்பிட்டாங்க.

இப்ப அந்தப் பேப்பர் எங்கிட்ட இல்ல. அது ரோஸ்லின் கைக்குப் போயிட்டு.

ரோஸ்லின்னா எங்க டிபார்ட்மென்ட்ல உள்ள பிள்ள. சகாய ரோஸ்லின். கடற்கரை ஊரு. மீனவர் பேசுத பேச்சுல வினைச்சொல் எப்பிடி வருதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்குனவ. பேச்சுல வினையாம்! இலக்கணம் எழுத்துல இருக்கா, வலைய இழுக்கும்போது கத்துத கத்துல இருக்கா, நீங்க சொல்லுங்க. வேலைக்கு இன்டர்வியூ வந்தப்ப நானும் இருந்தேன். சூத்திரம் சொல்லும்மான்னேன். சொன்னா. அடுத்தது கேட்டேன். அதையும் சொன்னா. வினையியல் முழுசும், ஒரு இடம் தடுக்காம ஒப்பிச்சா. "ஒப்பிச்சாப் போதுமா, பொருள் தெரியணும்லா"ன்னேன். பொருளும் சொன்னா. எனக்கு அப்பவே சந்தேகம். இவ்வளவு தயார் பண்ணிட்டு வாரவங்களை நம்பக் கூடாது.

வந்து சேந்த முதல் வருஷம் என்ன செஞ்சாங்கிறீங்க? நான் கிளாஸ் எடுக்கும்போது கடைசி பெஞ்சுல வந்து உக்காந்துக்கிடுவா. சம்பளம் வாங்குத பேராசிரியை, பிள்ளைங்களோட பிள்ளையா. ஏம்மா இங்கன உக்காந்திருக்கன்னு நான் கேட்டா, "கேக்கலாம்னு வந்தேன் சார்"ம்பா. கேக்கலாம்னு! நான் எங்கயாவது சறுக்குதேனான்னு வேவு பாக்க வந்திருக்கா. ஒரு வருஷம் முழுக்க வேவு பாத்தா. நானும் விடல, ஒரு நாள்கூடச் சறுக்கல. அந்த வருஷம் நான் நடத்துன மாதிரி எந்த வருஷமும் நடத்துனதில்லன்னு எங்க வீட்ல கோமதிகிட்டக்கூடச் சொன்னேன்.

அறிவுள்ள பிள்ளதான், இல்லங்கல. ஆனா அடிப்படையில ஒரு கோளாறு. காலம் தெரியாது. ஒரு சம்பவம் சொல்லுதேன், கேளுங்க. சென்னையில இருந்து ஒரு பேராசிரியர் தேர்வு நடத்த வந்திருந்தாரு. எல்லாரும் ஸ்டாஃப் ரூம்ல டீ குடிச்சிட்டிருக்கோம். அவரு பேச்சுவாக்குல இவகிட்ட, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்"னு கேட்டாரு. இவ சொல்லுதா, "கடல்ல இருக்காரு சார்."

அண்ணாச்சி, அவ புருஷன் சேவியர், அந்தப் பெரிய புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவன். போட்டும் வரல, ஆளும் வரல. கூடப் போனவங்க ஒருத்தரும் வரல. அப்பவே நாலு வருஷம் ஆயிட்டு. ஊருக்கே தெரியும். சென்னைக்காரர், கப்பல்ல வேலை போலன்னு, "அப்படியா, லீவுக்கு எப்ப வருவார்"னு கேக்காரு. இவ டீயக் குடிக்கா. தப்பான செய்தி போகுதுலா? நான் சொன்னேன். "ஏம்மா, இருக்காருன்னா நிகழ்காலம். நாலு வருஷத்துக்கு முந்தி நடந்ததை நிகழ்காலத்துல சொல்லக் கூடாது. போனாருன்னு முடி"ன்னேன்.

அவ டம்ளரக் கீழ வச்சா. என்னப் பாத்து, "நிகழ்காலம்னா என்ன சார்?"னு கேட்டா.

ஒரு பேராசிரியை, பி.எச்டி., இதக் கேக்கா! நானும் பொறுமையா விளக்குனேன். தொடங்கி முடியாத தொழிலக் காட்டுறது நிகழ்காலம், அதுக்கு இடைநிலை மூணுன்னு, எடுத்துக்காட்டோட சொன்னேன். முழுசும் கேட்டா. "சரி சார்"னா. எந்திரிச்சுப் போயிட்டா. அன்னையிலிருந்து ஸ்டாஃப் ரூமுக்கு டீ குடிக்க வாரதில்ல. ஒரு திருத்தத்துக்கு இவ்வளவு கோவமா? கோமதிகிட்டச் சொன்னேன். அவளும் ரெண்டு நாள் எங்கிட்டச் சரியாப் பேசல. எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. பொம்பளைங்களுக்குள்ள ஒரு இது.

என்ன, வண்டிய நிறுத்திட்டான்? ரோடு போடுதானா. இனி ஒரு பக்கத்து வண்டிய விட்டுத்தான் மறுபக்கம் விடுவான். சரி, கெடக்கட்டும்.

எங்க விட்டேன்? ஆங், பேப்பர். போன வருஷம் பாடத்திட்டத்த மாத்தப் போறோம்னு கூட்டம் போட்டாங்க. பதிவாளருக்கு இலக்கணம்னாலே வேப்பங்காய். "பசங்களுக்கு வேலை கிடைக்கணும் சார், வெர்ப வச்சு என்ன வேலை கிடைக்கும்"பாரு. வினையியலத் தூக்கிட்டு ஊடகத் தமிழ்னு ஒண்ணு வைக்கணும்னு அவருக்குத் திட்டம். விளம்பரம் எழுதறது, செய்தி வாசிக்கிறது. எனக்குக் கூட்டத்துக்கு அழைப்பு வந்துது. நான் போகல. வினைமுற்று வேணுமா வேண்டாமான்னு ஓட்டெடுப்பு நடத்துவாங்க, அதுக்கு நான் போயி கைதூக்கணுமா? போகல. ரோஸ்லின் போயிருக்கா. காலையில ஆரம்பிச்சு பொழுது சாயுத வரைக்கும் அவ ஒருத்தி மட்டும் விடாம மல்லுக்கட்டுனாளாம். பேப்பர எடுக்கவே கூடாது, எடுத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு உக்காந்துட்டாளாம். கடைசியில என்ன முடிவு? கட்டாயப் பாடம் இல்ல, விருப்பப் பாடமா இருந்துட்டுப் போட்டும், பத்துப் பேராவது எடுத்தா நடத்தலாம், இல்லன்னா கிடையாதுன்னு ஆக்கிட்டாங்க.

பாத்தீங்களா? முழுசா இருந்த பேப்பர். இவ போனா, அரையாயிட்டு. இவ போகாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்கிறீங்களா? அது வேற விஷயம். போனவ ஜெயிச்சிட்டு வரணும்லா.

விருப்பப் பாடம்னா கடையில சாமான் வாங்குத மாதிரி. பிள்ளைங்க வந்து, இது வேணும், அது வேணும்னு பேரு கொடுக்கும். ஊடகத் தமிழுக்கு உக்கார பெஞ்சு இல்ல. எனக்கு மூணு பேரு. அதுல ஒருத்தன் ரூம் மாறி வந்தவன். நான் ரூம்ல உக்காந்திருக்கேன். ரோஸ்லின் வாசல்ல வந்து நின்னா. "சார், நான் பிள்ளைங்ககிட்டச் சொல்லிப் பாக்கட்டுமா?"ன்னா. "ஆள் பிடிச்சு நடத்துததுக்கு இது சீட்டுக் கம்பெனி இல்லம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மறு வாரம் போறேன், ரூம் நெறைய பிள்ளைங்க. பதினாலு பேரு! எனக்குக் கண்ணு கலங்கிட்டு, அண்ணாச்சி. நல்ல சரக்குக்கு விளம்பரம் வேண்டாம்னு அன்னைக்கு கிளாஸ்லயே சொன்னேன். பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பிறகுதான் தெரியுது. அவ கடற்கரை ஊர்களுக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயி பேச்சப் பதிவு பண்ணுவா. அதுல சேர பிள்ளைங்களுக்குள்ள அடிபிடி. வினையியல் படிச்சவங்களத்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிட்டாளாம். அவ ஆராய்ச்சிக்கு என் கிளாஸ் ஏணி! எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க.

நடத்துனேன். வந்தது வந்துட்டுதுங்களேன்னு நடத்துனேன். அதுல இசக்கியம்மாள்னு ஒரு பிள்ள நல்ல சூட்டிகை. ஒரு நாள் எந்திரிச்சு, "சார், எங்கம்மா கோவத்துல 'வந்து தொலைஞ்சான்'ம்பா, சந்தோஷத்துல 'வந்து சேந்தான்'ம்பா. ரெண்டும் வந்ததுதான? அந்தப் பின்னாடி வாரதுக்கு என்ன பொருள் சார்?"னு கேட்டுது. "துணைவினை. அதுக்குத் தனியா பொருள் கிடையாது, உக்காரு"ன்னேன். உக்காந்துட்டு. அந்த மாதிரி கேள்விய வளரவிட்டா சூத்திரம் எப்ப முடிக்கிறது?

பாதிப் பாடம் போயிருக்கும். தொண்டை கட்டிக்கிட்டு. சாதாரண கட்டுன்னு நெனச்சேன். கருப்பட்டியும் சித்தரத்தையும் யாரோ டேபிள்ல கொண்டுவந்து வச்சிருந்தாங்க, அதப் போட்டும் கேக்கல. காத்துதான் வருது, சத்தம் வரல. குரல்வளையில ஒரு சதை வளந்திருக்கு, அறுக்கணும்னுட்டாங்க. அறுத்தாங்க. பயப்படும்படியா ஒண்ணும் இல்லன்னு பரிசோதனையில வந்துட்டு. ஆனா ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. ஒரு மாசம்! எனக்கு ஆனி மாசமே ரிட்டயர் ஆகுத வயசு வந்தாச்சு. படிப்பு வருஷம் முடியிற வரைக்கும் இருங்கன்னு நீட்டிப்புக் கொடுத்திருந்தாங்க. அந்த நீட்டிப்புலயும் ஒரு மாசம் படுக்கையில போயிட்டு.

எந்திரிச்ச உடனே யுனிவர்சிட்டிக்குப் போனேன். கோமதி வேண்டாம்னா. இன்னும் பேசக் கூடாதே, போயி என்ன செய்யப் போறீங்கன்னா. சும்மா ரூமப் பூட்டிட்டு வந்துருதேன், தூசி அடையும்னு சொல்லிட்டுப் போனேன். வராந்தாவுல நடந்துபோறேன், என் கிளாஸ் ரூம்ல சத்தம் கேக்கு. சிரிப்பு. வினையியல் நடக்குத ரூம்ல எதுக்குச் சிரிப்பு? ஜன்னல் பக்கத்துல நின்னேன்.

ரோஸ்லின் எடுத்துட்டிருக்கா.

செய்து, செய்பு, செய்யான்னு வினையெச்ச வாய்பாடு. வரிசை மாறல. நான் சொல்லுத எடுத்துக்காட்டு, நான் நிறுத்துத இடம். கையக்கூட நான் தூக்குத மாதிரி தூக்குதா. "ஆவுடை சார் சொல்லுவாங்க, எச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதே, அது எந்த வினைய எதிர்பாத்து நிக்குதுன்னு பாருன்னு." நான் எப்ப சொன்னேன்? சொல்லியிருப்பேன். நல்ல வாக்கியம், வேற யாரு சொல்லியிருக்கப் போறா. அதோட நிறுத்தியிருந்தாப் பரவாயில்ல. நிறுத்தல. "இசக்கி, நீ அன்னைக்குக் கேட்டதக் கேளு"ன்னா. அந்தத் துணைவினைக் கேள்வி. ஒவ்வொருத்தரா உங்க வீட்ல எப்பிடிச் சொல்லுவாங்கன்னு சொல்லுங்கன்னா. ஒருத்தன் வந்து வாச்சான்கிறான், ஒருத்தி வந்து நிக்கான்கிறா, ஒரு பய வந்து கிழிச்சான்கிறான். அவ ஒண்ணொண்ணையும் போர்டுல எழுதி, இதுல சொல்லுதவன் மனசு எங்கன இருக்கு, இதுல எங்கன இருக்குன்னு பிரிச்சுக் காட்டுதா. பிள்ளைங்க சிரிக்கி, சண்டை போடுது, நான் நீன்னு எந்திரிச்சு நிக்கி. மணி அடிச்சும் ஒண்ணுகூட அசையல.

என் கிளாஸ்ல மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே புஸ்தகத்த மூடிருவாங்க. அது ஒழுங்கு.

அங்கனயே நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. காலை வெயில் நேரா மூஞ்சில அடிக்கி. தலை சுத்துச்சு. வெயில்தான். ரூமுக்குப் போயித் தண்ணி குடிச்சேன்.

திரும்பும்போது பதிவாளர் எதிர்ல வந்தாரு. உடம்பு எப்பிடி சார்னு கேட்டாரு. டாக்டர் சொன்னத மீறிக் கொஞ்சமாப் பேசுனேன். என் வகுப்பு நடக்குது, எனக்கே தெரியாது, யாரு உத்தரவுல நடக்குதுன்னும் தெரியலன்னு சொல்லிவச்சேன். புகார் இல்ல அண்ணாச்சி, சொல்லிவச்சேன். ஒரு தகவல். அவரு முகம் அப்பிடியே பூத்துட்டு. "உத்தரவு இல்லாமலா? வாங்க சார், வாங்க"ன்னு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி காப்பி வாங்கிக் கொடுத்தாரு. அத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கு அந்த ரூம்ல கிடைச்ச முதல் காப்பி. இப்பவாவது இலக்கணத்துக்கு மரியாதை வந்துதேன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறு வாரம் அவளுக்கு மெமோ. விசாரணை. அனுமதி இல்லாம அடுத்தவர் வகுப்ப எடுத்துருக்கா, அதனால அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு நிறுத்திவைப்பு. அதோட விட்டானா? உத்தரவு இல்லாத ஆசிரியர் எடுத்த வகுப்பு வகுப்பே இல்ல, அந்த மணி நேரமெல்லாம் செல்லாது, மணி நேரம் குறைஞ்சா பேப்பர் ரத்து, பிள்ளைங்கள ஊடகத் தமிழுக்கு மாத்தப் போறோம்னுட்டாங்க. ஒரு தடவை ரத்தான பேப்பர் திரும்பி வந்ததாச் சரித்திரம் கிடையாது. அவ அன்னைக்கு அந்தக் கிளாஸ எடுக்காம இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா? அதத்தான் நான் யோசிச்சேன்.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு இசக்கியும் இன்னும் நாலஞ்சு பிள்ளைங்களும் வந்துச்சு. கோமதி மோர் கொடுத்தா. இசக்கி குடிக்கல. "சார், நீங்க சொல்லித்தான் மேடம் எடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். எல்லாம் சரியாயிரும்"னுது.

"நான் சொல்லலியே. பொய் சொல்லச் சொல்லுதியா?"ன்னேன்.

"மேடமே உங்ககிட்டப் போகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க சார். நாங்களாத்தான் வந்தோம்"னு அழுதுட்டு.

பிள்ளைங்க போனப்புறம் கோமதி டம்ளர எடுத்துக்கிட்டே சொல்லுதா, "அந்தப் பிள்ளைய நான்தான் எடுக்கச் சொன்னேன்."

எனக்கு ஒண்ணும் புரியல.

"ஆஸ்பத்திரியில உங்கள உள்ள கொண்டுபோயிருக்கு. நான் வெளிய ஒத்தையில உக்காந்திருக்கேன். அந்தப் பிள்ளதான் வந்து சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல இருந்துது. போகும்போது, 'அக்கா, சார் வகுப்பு நின்னுபோனா பேப்பர எடுத்துருவாங்க. சார் வாரது வரைக்கும் நான் பாத்துக்கிடட்டுமா'ன்னு கேட்டுது. எடும்மான்னேன். எங்கிட்டக் கேக்காம வேற யார்கிட்டக் கேக்கும்? நீங்க மயக்கத்துல கெடந்தீங்க."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரே. சொன்னா நீங்க பேசுவீங்க"ன்னுட்டு அடுக்களைக்குப் போயிட்டா.

பாருங்க, ஒரு பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல வச்சு எங்க வீட்டுக்காரி உத்தரவு போட்டிருக்கா.

இன்னிக்குக் காலையில விசாரணை. பதிவாளர் ரூம். அவரு நடுவுல, பக்கத்துல வணிகவியல் பேராசிரியர் ஒருத்தர். ரோஸ்லின் ஒரு ஓரமா உக்காந்திருக்கா. ஆளு மெலிஞ்சு போயிருந்தா. வணிகவியல்காரரு கேக்காரு, "என்னம்மா நடத்துனீங்க?" இவ சொல்லுதா. எந்தெந்த நாள் எந்தெந்தச் சூத்திரம்னு. "எல்லாம் சார் நடத்துத வரிசைதான். நான் புதுசா ஒண்ணும் சேக்கல"ன்னா. அது பொய். நான் ஜன்னல்ல நின்னு கேட்டேனே. ஆனா அந்த நேரத்துல நான் அதச் சொல்லல.

வணிகவியல்காரரு சிரிச்சாரு. "ஒரு வெர்புக்கு இவ்வளவு பாடமா? வந்தான் போனான்னு சொல்லத் தெரியாமலா பசங்க எம்.ஏ.க்கு வருதாங்க? இத யாரு எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன"ன்னாரு. பதிவாளரும் சிரிச்சாரு. "அதனாலதான் சார் ரத்து பண்ணிரலாம்கிறேன். இவங்க எடுத்தது கணக்குல வராது"ன்னாரு.

எனக்கு எங்க இருந்து கோவம் வந்துதுன்னு தெரியல. "எடுத்தது இவங்க இல்ல. நான்"னேன்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்களே சார்"ங்கிறாரு.

"அரசன் கோயில் கட்டினான்னு சொல்லுதோம். அரசனா கல்லு சுமந்தான்? சுமந்தது கொத்தன். ஆனா கட்டினான்கிற வினைக்கு அரசனும் கருத்தாதான். செய்யச் சொல்லுதவன் ஏவுதல் கருத்தா, கையால செய்யுதவன் இயற்றுதல் கருத்தா. இது தெரியாமத்தான் நீங்க விசாரணை நடத்துதீங்க. வினையியல் கிளாஸ எடுத்தது ஆவுடைநாயகம். இந்தப் பிள்ள இயற்றுச்சு. அவ்வளவுதான். அதனால மணி நேரமெல்லாம் செல்லும்"னேன்.

வணிகவியல்காரரு என்னையும் பதிவாளரையும் மாத்தி மாத்திப் பாக்காரு. பதிவாளர் விடல. "அப்ப நீங்க ஏவுனீங்களா? நீங்கதான சார் எங்கிட்டப் புகார் சொன்னீங்க?"

"புகார் இல்ல. தகவல். மருந்து மயக்கத்துல எதையோ சொல்லியிருப்பேன்."

"ஏவுனீங்களா, இல்லையா?"

ரோஸ்லின் எந்திரிச்சிட்டா. "இல்ல சார், ஆவுடை சார் எங்கிட்ட எதுவும்..."னு ஆரம்பிக்கா. எனக்கு வந்துதே ஆத்திரம்! "நீ பேசாம உக்காரும்மா. கருத்தாவப் பத்தி உனக்கென்ன தெரியும்?"னு ஒரு அதட்டு போட்டேன். தையல் போட்ட தொண்டை, சுரீர்னு இழுத்துட்டு. அவ அப்பிடியே உக்காந்துட்டா. பதிவாளரப் பாத்து, "ஏவுனேன்"னேன்.

நீங்க ஒரு மாதிரிப் பாக்கீங்க. பொய்யான்னுதான? பொய் இல்ல அண்ணாச்சி. ஒரு வருஷம் என் கிளாஸ்ல உக்காந்து கேட்டிருக்கா. நான் சொன்ன மாதிரிதான எடுத்தா? அப்ப ஏவுனது யாரு? எங்க வீட்ல சொன்னா நான் சொன்ன மாதிரிதான? வினையக் கூர்ந்து பாத்தா ஏவுதல் அதுக்குள்ள இருக்கு. பாக்கத் தெரியணும். அவளுக்காகச் சொன்னேன்னு நெனைக்காதீங்க. அந்த வணிகவியல்காரன் சிரிச்சான்லா, அதுக்குச் சொன்னேன்.

மெமோ ரத்து. மணி நேரம் செல்லும். பேப்பர் இருக்கும். எல்லாம் ஆச்சு. ஆனா பதிவாளர் லேசுப்பட்டவரா? "எழுத்துல அனுமதி வாங்காம அடுத்தவரை ஏவுனது உங்க தப்பு சார். உங்க உடம்பும் சரியில்ல. நீட்டிப்ப இன்னையோட முடிச்சுக்கிடுவோம்"னுட்டாரு. மத்தியானத்துக்குள்ள ரூம் சாவியக் கொடுக்கச் சொன்னாங்க. கொடுத்தேன். வினையியலுக்கு யாருன்னு கேட்டதுக்கு, வேற யாரு இருக்கா, டாக்டர் ரோஸ்லின்னு எழுதிக்கிட்டாங்க. பாத்துக்கிடுங்க, கடைசியில யாரு ஜெயிச்சா? இடம் இல்லாம வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தவ, இன்னிக்கு மேடையில நிக்கா. நான் பஸ்ல நிக்கேன். உக்காந்திருக்கேன், சரி.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா அவ. நான் வரச் சொல்லல. பைய எங்கிட்டக் கொடுன்னு கேக்கேன், கொடுக்கல. ரோடு பூரா கூடவே நடந்தா. மூஞ்சியத் துடைச்சுக்கிட்டே வந்தா. தூசி, இந்த ரோட்டுல ஒரே தூசி. பஸ் வந்து நின்னப்புறம்தான் வாயத் திறந்தா. "சார், நாளைக்கு எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?"னா.

எனக்குத் தெரியும், அவளுக்கு அது தெரியும். அவதான எடுத்துட்டிருந்தா, அவளுக்குத் தெரியாதா? இருந்தும் கேக்கா. பழக்க தோஷம். பெயரெச்சத்துல ஆரம்பின்னேன். பிறகு, அந்தத் துணைவினை, வந்து தொலைஞ்சான், வந்து சேந்தான், அதையும் முடிச்சுரு, பிள்ளைங்க பாதியில நிக்கின்னேன். ஜன்னல்ல நின்னு கேட்டதா நான் காட்டிக்கிடல. அவளும் கேக்கல. சரி சார்னா. கண்டக்டர் விசில் ஊதிட்டான்.

ஆங், வண்டிய எடுத்துட்டான். எதிர்ப்பக்கம் முடிஞ்சிட்டு போல.

நாளைக்குக் காலையில ஒம்பதரைக்கு அந்தக் கிளாஸ், அண்ணாச்சி. வருஷம் பூரா ஒம்பதரைதான். நான் அஞ்சு மணிக்கே எந்திரிச்சுருவேன். குளிச்சு, சாமி கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, எட்டரை ஆயிரும். அதுக்கப்புறம் ஒம்பதரை வரைக்கும் என்ன செய்யணும்னு கோமதிகிட்டத்தான் கேக்கணும்.